வானிலைச் செயற்கைக்கோளுக்கு வாரிசு தேடுதல்

2003ஆம் ஆண்டு செப்டம்பர் 6, சனிக்கிழமை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சன்னிவேல் நகரத் தொழிற்சாலை ஒன்றில், ஏறக்குறையக் கட்டி முடிக்கப்பட்ட வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றை நின்ற நிலையிலிருந்து படுக்கைவாட்டுக்குச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு வண்டியின் மேல் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருப்பதாகவே அங்கிருந்தவர்கள் நம்பினார்கள். ஆனால் வண்டியோடு பிணைக்கும் தகட்டில் இருந்திருக்க வேண்டிய 24 போல்ட்டுகளை, வேறொரு வேலைக்காக வேறொரு குழு முன்பே கழற்றிவிட்டிருந்தது. சாய்ப்பதற்கு முன் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டியவர்கள், பழைய பதிவேட்டை நம்பி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். சுமார் 13 பாகை சாய்ந்ததும் செயற்கைக்கோள் வண்டியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதைப் பழுதுபார்க்க 135 மில்லியன் டாலர் ஆனது.

போல்ட்டுகளை எண்ணிப் பார்க்காத கதையாக இது அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் அன்று விழுந்தது, அமெரிக்காவின் பழைய துருவச் சுற்றுப்பாதை வானிலைச் செயற்கைக்கோள் வரிசையின் கடைசி உறுப்பினர். அதற்குப் பின் வரவேண்டிய புதிய வரிசை தயாராகும்வரை வானத்தில் காவல் நிற்க வேண்டியது அதுதான். அந்தப் புதிய வரிசையோ அப்போதே தாமதத்தில் சிக்கத் தொடங்கியிருந்தது. மூப்படைந்த வானிலைச் செயற்கைக்கோள்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யும் வேலை ஏன் ஓர் அரசுக்கு இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை இந்த அமெரிக்க அனுபவத்தைக் கொண்டே விளக்கலாம். வெற்றி, தோல்வி, தற்செயலான தப்பித்தல் ஆகிய மூன்றுமே அதில் இருக்கின்றன.

முதலில் அடிப்படை. வானிலைச் செயற்கைக்கோள்களில் இரண்டு வகை உண்டு. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றிவருவதால் ஒரே பகுதியை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பவை முதல் வகை. இவற்றைப் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் என்கிறோம். புயல் காலத்தில் தொலைக்காட்சியில் மேகக்கூட்டம் சுழன்று நகரும் காட்சி இவற்றிலிருந்துதான் வருகிறது. இரண்டாவது வகை, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் உயரத்தில் இரு துருவங்களையும் ஒட்டிச் சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு சுமார் 100 நிமிடம். ஒரு நாளைக்கு 14 சுற்று. கீழே பூமி சுழன்றுகொண்டே இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒரு பட்டை கண்ணில் படுகிறது. ஒரே நாளில் உலகம் முழுவதையும் இது இரண்டு முறை பார்த்துவிடும்.

தொலைக்காட்சிப் புகழெல்லாம் முதல் வகைக்குப் போய்விட்டது. ஆனால் முன்கணிப்பின் பெரும்பாரத்தைச் சுமப்பது இரண்டாவது வகைதான். பூமிக்கு நெருக்கமாக இருப்பதால், தரைமட்டம் முதல் உச்சிவரை காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதமும் உயரத்துக்கு உயரம் எப்படி மாறுகின்றன என்பதை அதன் கருவிகளால் நுட்பமாக அளக்க முடிகிறது. கணினியில் ஓடும் வானிலை மாதிரிகளுக்குப் படத்தைவிட இந்த அளவீடுகளே முக்கியமான தீனி. மாதிரிகளுக்குள் செல்லும் தரவில் சுமார் 85 சதவீதம் துருவச் செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது என்பது அமெரிக்கப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவின் கணக்கு. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் நியூ ஜெர்சி கரையைத் தாக்கியது. அது கரைப்பக்கம் திரும்பும் என்று ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையம் பல நாள்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. பின்னர் அதே மையம், துருவச் செயற்கைக்கோள் தரவுகளை மட்டும் நீக்கிவிட்டு அதே கணிப்பைத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது, ஐந்து நாள் முன்கணிப்பில் புயல் கரைக்கு வராமல் கடலிலேயே நின்றது.

இத்தகைய கருவி ஒன்று பழையதாகிறது என்றால் என்ன பொருள்? செயற்கைக்கோளுக்கு மருந்துப் பட்டையில் அச்சிட்டிருப்பது போன்ற காலாவதி நாள் கிடையாது. அதற்கென ஒரு வடிவமைப்பு ஆயுள் குறிக்கப்பட்டிருக்கும்: இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று. அவ்வளவு காலம் அது நல்லபடியாக வேலை செய்வதற்கான வாய்ப்பு போதிய அளவு அதிகம் என்பதே அதன் பொருள். அதற்குப் பிறகு நின்றுவிடும் என்றோ, அதுவரை கட்டாயம் ஓடும் என்றோ பொருளில்லை. மின்கலம் ஒவ்வொரு சுற்றிலும் நிழலுக்குள் போய் வெயிலுக்கு வந்து தேய்கிறது. சூரியத் தகடுகள் கதிர்வீச்சில் மங்குகின்றன. சுழலும் கண்ணாடியைத் தாங்கும் பாகங்களில் உராய்வு கூடுகிறது. பாதையைச் சரிசெய்யும் எரிபொருள் குறைந்துகொண்டே போகிறது. மேலே போய்ப் பழுதுபார்க்க வழியில்லை. 1998இல் ஏவப்பட்ட நோவா-15 என்ற செயற்கைக்கோள் 27 ஆண்டுகள் ஓடியது. 2014 ஏப்ரலில் அமெரிக்க விமானப்படை ஏவிய, டி.எம்.எஸ்.பி. என்ற இராணுவ வானிலை வரிசையின் 19ஆவது செயற்கைக்கோளோ இரண்டு ஆண்டு நிறைவதற்குள், 2016 பிப்ரவரியில், தரையிலிருந்து அனுப்பும் கட்டளைகளை ஏற்காமல் போய்விட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த ஆண்டைத் திட்டமிடுபவர் தேர்ந்தெடுப்பார்?

அதனால்தான் மாற்றுக்கான திட்டமிடல் என்பது பழுதான பொருளுக்குப் பதில் வேறொன்று வாங்குவது போன்றதல்ல. புதிய வரிசை ஒன்றை வரையறுத்து, கருவிகளை வடிவமைத்து, கட்டி, அதிர்விலும் வெற்றிடத்திலும் சோதித்து, ஏவுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். ஏவியபின் பழைய கருவியின் அளவோடு புதியதன் அளவை ஒப்பிட்டுத் திருத்த இன்னும் பல மாதங்கள். ஆகவே வாரிசுக்கான பணத்தை, இப்போதிருப்பது எந்தக் குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். கேட்பவர் கையில் பழுதைக் காட்டும் சான்று எதுவும் இருக்காது. பணம் ஒதுக்கும் நாடாளுமன்ற உறுப்பினரோ, அந்தச் செயற்கைக்கோள் ஏவப்படும் நாளில் பதவியில் இருக்கமாட்டார். அரசின் வரவுசெலவுத் திட்டம் ஆண்டுக்கொரு முறை போடப்படுவது. செயற்கைக்கோள் வரிசையோ இருபது ஆண்டுத் திட்டம். என் பார்வையில், பொறியியல் சிக்கல்களைவிட இந்தக் காலக்கணக்குப் பொருந்தாமைதான் பெரும்பாலான தாமதங்களின் வேர்.

இனி அந்தப் புதிய வரிசைக்கு வருவோம். 1994 வரை அமெரிக்காவில் இரண்டு துருவச் செயற்கைக்கோள் வரிசைகள் தனித்தனியே இருந்தன: பொதுமக்கள் சேவைக்கு நோவா நடத்தியது ஒன்று, இராணுவத் தேவைக்கு விமானப்படை நடத்தியது மற்றொன்று. பனிப்போர் முடிந்த நிலையில், ஒரே வானத்துக்கு இரண்டு வரிசை எதற்கு என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. அந்த ஆண்டு மே மாதம் அதிபர் கிளின்டன் இரண்டையும் இணைக்க உத்தரவிட்டார். சுருக்கமாக என்போஸ் என்று அழைக்கப்பட்ட இந்தக் கூட்டுத் திட்டத்தை நோவா, பாதுகாப்புத் துறை, நாசா ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்த வேண்டும். செலவு மிச்சமாகும் என்பதுதான் இணைப்பின் நோக்கம்.

நடந்தது நேர்மாறானது. மூன்று துறைகளின் தேவைகளும் ஒரே செயற்கைக்கோளில் ஏறியதால் அது பெருத்தது. முடிவெடுக்க மூவரும் ஒத்துப்போக வேண்டியிருந்ததால் முடிவுகள் தள்ளிப்போயின. மேகங்களையும் கடலையும் படமெடுக்க வேண்டிய முதன்மைக் கருவியில் சிக்கல் மேல் சிக்கல் வந்தது. 2002இல் ஒப்பந்தம் போட்டபோது ஆறு செயற்கைக்கோள்களுக்கு சுமார் 7 பில்லியன் டாலர் என்றார்கள். இராணுவத் திட்டங்களின் செலவு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் அவற்றைக் கட்டாயமாக மறுஆய்வு செய்ய வேண்டும் என்று ஒரு அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. என்போஸ் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. 2006 ஜூனில் மறுஆய்வு முடிந்தபோது செயற்கைக்கோள்கள் நான்காகக் குறைந்திருந்தன, மதிப்பீடு 12.5 பில்லியனாக உயர்ந்திருந்தது. 2010 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை கூட்டுத் திட்டத்தையே கலைத்துவிட்டது. நோவாவும் நாசாவும் பிற்பகல் சுற்றுப்பாதைக்கு ஜே.பி.எஸ்.எஸ். என்ற தனி வரிசையைத் தொடங்க வேண்டும், அதிகாலைப் பாதையைப் பாதுகாப்புத் துறை பார்த்துக்கொள்ளும், முற்பகல் பாதைக்கு ஐரோப்பாவின் மெட்டாப் செயற்கைக்கோள்களை நம்பலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. முழுச் செயற்கைக்கோள் ஒன்றுகூட மேலே போயிருக்கவில்லை.

பிற்பகல் பாதை, முற்பகல் பாதை என்ற பேச்சுக்குச் சிறு விளக்கம் தேவை. இந்தச் செயற்கைக்கோள்கள் சூரியனோடு ஒத்திசைந்து சுற்றுவதால், நிலநடுக்கோட்டை எந்த இடத்தில் கடந்தாலும் அந்த இடத்து நேரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஜே.பி.எஸ்.எஸ். பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கடக்கும், மெட்டாப் காலை ஒன்பதரைக்கு. ஒரு பாதை காலியானால், நாளின் ஒரு குறிப்பிட்ட வேளையில் உலகெங்கும் அளவீடு இல்லாமல் போகும்.

புதிய வரிசையின் முதல் செயற்கைக்கோள் வரும்வரை என்ன செய்வது? இங்கேதான் ஒரு சோதனைச் செயற்கைக்கோள் கைகொடுத்தது. என்போஸ் கருவிகளை முன்கூட்டியே விண்ணில் பரிசோதித்துப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டது அது. தினசரி முன்கணிப்பைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதல்ல. 2011 அக்டோபர் 28 அன்று ஏவப்பட்ட அதற்குப் பின்னர், செயற்கைக்கோள் வானிலையியலின் முன்னோடியான விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் வெர்னர் சுவோமியின் பெயர் சூட்டப்பட்டது. ஒத்திகைக்கு வந்தவரே மேடையேறி நாடகத்தை நடத்த வேண்டியதாயிற்று.

அமெரிக்க காங்கிரஸின் தணிக்கை அமைப்பு 2013 பிப்ரவரியில் வானிலைச் செயற்கைக்கோள் இடைவெளியை அரசின் மிகுந்த அபாயத்துக்குரிய பொறுப்புகளின் பட்டியலில் சேர்த்தது. பிற்பகல் பாதையில் 17 மாதம் முதல் 53 மாதம் வரை இடைவெளி விழக்கூடும் என்பது அதன் மதிப்பீடு. இந்த இரண்டு எண்களும் எப்படி வந்தன என்று போட்டுப் பார்த்தால் மொத்தத் திட்டமிடலும் விளங்கிவிடும். ஜே.பி.எஸ்.எஸ். வரிசையின் முதலாவது 2017 மார்ச்சில் ஏவப்படும் என்பது அப்போதைய திட்டம். அளவீடுகளைச் சரிபார்த்து முழுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர ஓராண்டு என்று வைத்தால், 2018 மார்ச். சுவோமியின் வடிவமைப்பு ஆயுள் ஐந்து ஆண்டு. அது சரியாக 2016 அக்டோபரில் நின்றால், இடையே 17 மாதம். சோதனைக்கென்று கட்டப்பட்டதால் அதன் கருவிகள் மூன்று ஆண்டு தாங்கினாலே பெரிது என்று சில பொறியாளர்கள் அஞ்சினார்கள். தணிக்கையாளர்களின் மோசமான கணக்கில் அது மூன்றே ஆண்டில், 2014 அக்டோபரிலேயே நின்றுவிடுவதாகவும், புதியதும் ஓராண்டு தாமதமாகி 2019 மார்ச்சில்தான் பயன்பாட்டுக்கு வருவதாகவும் கொண்டால், இடையே 53 மாதம். நான்கரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. சாண்டி போன்ற புயல்கள் அதற்குள் எத்தனை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த இடைவெளி விழவில்லை. முதலாவது ஜே.பி.எஸ்.எஸ். 2017 நவம்பர் 18 அன்று மேலே போய் நோவா-20 ஆனது. சுவோமி அதுவரை தாங்கியது, அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. இரண்டும் ஒரே பாதையில் 50 நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றியதால், பழைய கருவியும் புதிய கருவியும் ஒரே காட்சியைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ள முடிந்தது. 2022 நவம்பரில் நோவா-21 சேர்ந்தது. தணிக்கை அமைப்பு 2019இல் இந்தத் தலைப்பை அபாயப் பட்டியலிலிருந்து நீக்கியது. திட்டம் சரியாகப் போட்டதால் தப்பினார்கள் என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஒரு சோதனைக் கருவி எதிர்பார்ப்பை மீறி உழைத்ததால் தப்பினார்கள்.

அதிர்ஷ்டத்தை நம்பாமல் இருக்க என்னென்ன வழிகள் உண்டு? கோஸ் என்ற தன் புவிநிலை வரிசையில் நோவா பின்பற்றும் வழி, விண்ணிலேயே ஒரு மாற்றை உறங்க வைத்திருப்பது. கிழக்கில் ஒன்றும் மேற்கில் ஒன்றும் வேலை செய்யும். மூன்றாவது சும்மா இருக்கும். சும்மா இருப்பதற்குப் பல நூறு மில்லியன் டாலரா என்று கேட்பவர்களுக்கு 2013 மே மாதம் பதில் சொன்னது. கிழக்கைக் கவனித்துவந்த கோஸ்-13 திடீரென நிலைகுலைந்தது. நுண்ணிய விண்கல் துகள் ஒன்று மோதியிருக்கலாம் என்று கண்டறிந்தார்கள். காத்திருந்த கோஸ்-14 உடனே எழுப்பப்பட்டு அந்த இடத்தைப் பிடித்தது. அட்லாண்டிக் புயல் பருவம் தொடங்க அப்போது சில நாள்களே இருந்தன.

அத்தகைய மாற்று இல்லாத காலமும் இருந்தது. 1986இல் ஒரு கோஸ் செயற்கைக்கோள் ஏவும்போதே அழிந்தது. 1989 ஜனவரியில் கோஸ்-6 பழுதானது. அடுத்த தலைமுறையின் வேலை ஆண்டுக்கணக்கில் தாமதமானது. எஞ்சியிருந்த கோஸ்-7 ஒன்றையே புயல் பருவத்தில் கிழக்குப் பக்கமாகவும் குளிர்காலத்தில் மேற்குப் பக்கமாகவும் நகர்த்தி நகர்த்திச் சமாளித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே காவலாளி. பிறகு ஐரோப்பாவிடமிருந்து மெட்டியோசாட்-3 என்ற செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, அதை அட்லாண்டிக்கின் மேற்குப் பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டார்கள். 1994 ஏப்ரலில் கோஸ்-8 ஏவப்பட்ட பிறகே மூச்சு விட முடிந்தது.

அந்தக் கடன் வேறொரு திசையில் திரும்பிச் சென்றது என்று சொல்லலாம். 1999 நவம்பரில் ஜப்பான் தன் புதிய வானிலைச் செயற்கைக்கோளை ஏவியபோது ஏவூர்தி பழுதாகி அது கடலில் விழுந்தது. ஐந்து ஆண்டு ஆயுளோடு 1995இல் அனுப்பப்பட்ட பழைய செயற்கைக்கோளையே ஜப்பான் இழுத்துப்பிடித்து ஓட்டியது. 2003 மே மாதம், உறங்க வைக்கப்பட்டிருந்த கோஸ்-9ஐ அமெரிக்கா பசிபிக்கின் மேற்குக்கு நகர்த்திக் கொடுத்தது. அதுவும் 1998இலேயே பழுதின் காரணமாக ஓய்வுக்கு அனுப்பப்பட்டதுதான். 2005 பிப்ரவரியில் ஜப்பானின் அடுத்தது வெற்றிகரமாக ஏவப்படும்வரை, ஓய்வுபெற்ற ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோளே கிழக்காசியச் சூறாவளிகளைக் கண்காணித்தது.

நம் பக்கத்து ஏற்பாடும் இதே தர்க்கத்தில்தான் அமைந்திருக்கிறது. 2013இல் இன்சாட்-3டி, 2016இல் இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இன்சாட்-3டிஎஸ் என்று ஒரே குடும்பக் கருவிகளோடு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒருமுறை படம் எடுப்பது. இரண்டை நேரம் மாற்றி இயக்கினால் கால் மணிக்கு ஒரு படம் கிடைக்கும். வங்கக்கடலில் புயல் கரையை நெருங்கும்போது அந்தக் கால் மணியின் அருமை கடலோர மாவட்டங்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடைசியாகச் சொன்னதன் முழுச் செலவையும் புவி அறிவியல் அமைச்சகம் ஏற்றது. தரவைப் பயன்படுத்தும் துறையே பணமும் போடுவது, மூன்று முதலாளிகளிடம் சிக்கிய என்போஸோடு ஒப்பிட்டால் தெளிவான ஏற்பாடு.

தரையில் ஒன்றைக் கட்டிவைத்துக் காத்திருப்பது மற்றொரு வழி. அதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்க விமானப்படையின் டி.எம்.எஸ்.பி. வரிசையின் கடைசிச் செயற்கைக்கோள் 1990களிலேயே கட்டப்பட்டு, ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவோடு கிடங்கில் இருந்தது. ஏவலாமா வேண்டாமா என்ற இழுபறிக்குப் பின் காங்கிரஸ் நிதியை நிறுத்தியது, அது ஏவப்படவேயில்லை. நிதி நின்றது 2016 நிதியாண்டில். அதன் உடன்பிறப்பான 19ஆவது செயற்கைக்கோள் மேலே செயலிழந்ததும் அதே 2016இல்தான்.

இப்போது நோவா பின்பற்றுவது, பலவற்றை ஒன்றாகச் சேர்த்து வாங்குவது. ஜே.பி.எஸ்.எஸ். வரிசையில் மூன்றாவதையும் நான்காவதையும் ஒரே முறையில், ஒரே மாதிரிக் கருவிகளோடு கட்டச் சொல்லியிருக்கிறார்கள். பொறியாளர் குழு கலையாது. ஒன்றில் பழுது வந்தால் மற்றொன்றை முன்னே அனுப்பலாம். எண் வரிசையை மாற்றி, நான்காவதை 2027இலும் மூன்றாவதை 2032இலும் அனுப்புவதாக ஏற்கெனவே திட்டமிட்டிருக்கிறார்கள்.

சன்னிவேலில் தரையில் விழுந்த செயற்கைக்கோள் பழுதுபார்க்கப்பட்டு, 2009 பிப்ரவரி 6 அன்று ஏவப்பட்டு, நோவா-19 என்று பெயர் பெற்றது. என்போஸ் கலைந்தபோதும், சுவோமி தாங்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதும் அது மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வடிவமைப்பு ஆயுள் இரண்டு ஆண்டு. 2025 ஆகஸ்டில்தான் அதை அணைத்தார்கள்.